அத்தியாயம் 9: கோர்ட்டுக்கு வெளியே செய்யும் தவறுகள்

ஜூனியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், கட்சிக்காரர் பணத்தைக் கையாடினால் பார் கவுன்சில் கேட்கட்டும், நியாயம். என் வீட்டுச் சண்டை, என் நிலத் தகராறு, நான் ஃபேஸ்புக்கில் எழுதுவது, இதெல்லாம் அவர்களுக்கு எதற்கு?" கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியவுடன் தாம் வெறும் குடிமகன் ஆகிவிட்டதாக நம்பியவர்கள்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தன் பட்டியலில் உள்ள ஒரு வழக்கறிஞர் தொழில் சார்ந்த தவறோ பிற தவறோ செய்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், மாநில பார் கவுன்சில் அதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. தொழிலோடு நிற்காமல் பிற தவறையும் சேர்த்தது 1961இல் வந்த புதுமை அல்ல. 1926ஆம் ஆண்டின் பார் கவுன்சில்கள் சட்டத்திலேயே இது உண்டு. எதெல்லாம் பிற தவறு என்று இரண்டு சட்டங்களும் பட்டியல் போடவில்லை. போட்டிருந்தால், அதில் இல்லாததாகத் தேடிப் பிடித்துச் செய்யும் சாமர்த்தியம் நம் ஆட்களுக்கு உண்டு.

பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளின் ஆறாம் பாகம், இரண்டாம் அத்தியாயத்தின் முகப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழக்கறிஞர் அல்லாத ஒருவருக்குச் சட்டப்படியும் ஒழுக்கப்படியும் குற்றமில்லாத காரியம், ஏன், வழக்கறிஞரே தொழிலுக்கு வெளியே செய்தால் குற்றமில்லாத காரியம்கூட, வழக்கறிஞர் என்ற நிலைக்குப் பொருந்தாததாக இருக்கலாம் என்பது அதன் கருத்து. என்ரோல்மென்ட் அன்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம், இனிப்பு கொடுக்கிறோம். இந்த ஒரு பத்தியை அன்றைக்குப் படித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. இன்றைக்கு ராத்திரி படித்துவிடுங்கள்.

அப்படியானால் எல்லாமே பார் கவுன்சிலின் வரம்புக்குள்தானா? இல்லை. காகிதத்தில் வரம்பு விரிந்து கிடந்தாலும், தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் உள்ளே ஓடும் கேள்வி ஒன்றுதான் என்று தெரியும்: இந்த ஆளிடம் ஒரு விதவையின் மூலப்பத்திரத்தை நம்பிக் கொடுக்கலாமா, இவர் ஒரு நீதிபதி முன் சொல்லும் வார்த்தையை நம்பலாமா? வெளியே செய்த காரியம் இந்த நம்பிக்கையைத் தொட்டால் மாட்டினீர்கள். தொடாவிட்டால், அது உங்கள் வீட்டு விவகாரம்.

இந்த அதிகாரம் எப்போதும் நல்லதற்கே பயன்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்க் கதையே சாட்சி. 1908இல் ராஜதுரோகக் குற்றத்துக்காக வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் தண்டனை விதித்தபோது, சிறையோடு வக்கீல் சன்னதும் போனது. 1912 கடைசியில் விடுதலையாகி வந்தவர் கோர்ட் வாசலை மிதிக்க முடியாமல், பிழைப்புக்குச் சில்லறை வியாபாரம் செய்தார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. காந்திக்கும் இதே கதிதான். 1922இல் ராஜதுரோக வழக்கில் தண்டனை பெற்ற அவரை, அதே ஆண்டு லண்டன் இன்னர் டெம்பிள் பட்டியலிலிருந்து நீக்கியது. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் அரசியல் கணக்குத் தீர்க்கலாம் என்பதை மறக்காதீர்கள். அந்த அதிகாரம் இன்று நாமே தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சிலிடம் இருப்பதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான்.

அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1995இல், பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் தலைவராகவே இருந்தவர் ஒரு நீதிபதியை மிரட்டிய வழக்கில், உச்ச நீதிமன்றம் அவருக்குத் தொழில் தடை விதித்தது. 1998இல் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், ஆனால் உரிமத்தைப் பறிப்பது பார் கவுன்சிலின் வேலை என்றது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கறிஞர்களைத் தானே தடை செய்யும் வகையில் 14-ஏ முதல் 14-டி வரை விதிகள் கொண்டுவந்ததும், அதை எதிர்த்து நாம் தெருவில் நின்றதும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது.

பதாயூன் வழக்கு

பிற தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் வழக்கு. 1971 மே மாதம் ஒரு நாள், அங்கே தொழில் செய்துகொண்டிருந்த வழக்கறிஞர் ஒருவர் தன் எதிராளியை நீதிமன்ற அறையிலேயே கத்தியால் தாக்கினார். கொலை முயற்சி வழக்கு. மூன்றாண்டு கடுங்காவல். 1975இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இனி நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அவர் சிறைக்குப் போகவில்லை. ஆளுநர் தண்டனையை நிறுத்தி வைத்திருப்பதாக, அரசின் உள்துறையிலிருந்து வந்ததுபோல் ஒரு கடிதம் நீதிமன்றத்துக்கு வந்தது. அதை நம்பி ஆளை வெளியே விட்டார்கள். பின்னால் விசாரித்தால் கடிதம் போலி. அதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 1977இல்தான் உள்ளே போனார்.

மாநில பார் கவுன்சில் இதற்குக் கொடுத்த தண்டனை மூன்றாண்டு தொழில் தடை. கொலை முயற்சியில் தண்டிக்கப்பட்டவர் மூன்றாண்டு கழித்து மறுபடி கோட்டுப் போட்டுக்கொண்டு வரலாம் என்று அர்த்தம். சக வழக்கறிஞர்கள் மேல் நமக்குள்ள இரக்கம் சில நேரம் இப்படித்தான் கூச்சமில்லாமல் வெளிப்படும். புகார்தாரர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். இப்படிப்பட்டவர் தொழிலில் நீடிக்கத் தகுதியற்றவர், செய்த காரியத்துக்கு இந்தத் தண்டனை போதாது என்று சொல்லி, 1997இல் உச்ச நீதிமன்றம் அவர் பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

இந்தக் கதையில் கத்தியைவிட அந்தக் கடிதம்தான் என்னை உறுத்துகிறது. கோபத்தில் அடித்தவர் திருந்தலாம். போலிக் கடிதத்தால் சிறையைத் தள்ளிப்போட்டவரின் வக்காலத்தை எந்த நீதிபதி நம்புவார்?

தண்டனை வந்தால்

குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு என்ன ஆகும் என்பதை 24-ஏ பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், தீண்டாமைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டில் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகியோரை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது. விடுதலையாகியோ பணி நீக்கமாகியோ இரண்டாண்டுகள் ஆனதும் இந்தத் தடை விலகும். நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு.

"இது புதிதாகப் பதிவு செய்பவர்களுக்குத்தானே, நாங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டோமே" என்று ஒரு வாதம் நெடுநாள் ஓடியது. 2016இல் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா மாவட்டத்தில், சிவில் நீதிபதியை மிரட்டிய ஒரு வழக்கறிஞரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வாசலில் தடுக்கும் குற்றம், வீட்டுக்குள் இருப்பவருக்கும் தடைதான் என்றது.

எது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம்? ஏமாற்று, போலி ஆவணம், லஞ்சம், கையாடல், பாலியல் குற்றம் இவற்றில் சந்தேகமே வேண்டாம். சாதாரணப் போக்குவரத்துக் குற்றம், கூட்டமாகச் சாலை மறியல் செய்து வாங்கிய அபராதம் போன்றவை பொதுவாக வராது. நடுவில் கிடப்பவைதான் தொல்லை; அங்கே குற்றத்தின் பெயரைப் பார்க்காமல் நடந்ததைப் பார்ப்பார்கள்.

மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் வாங்கியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சிறைத் தண்டனையை நிறுத்தி வைப்பது வேறு, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைப்பது வேறு. அரசியல்வாதிகள் பதவி இழக்கும் வழக்குகளில் இதை நாம் வாய் கிழியப் பேசுகிறோம். நம் விஷயம் வரும்போது மறந்துவிடுகிறோம். மனுவில் இரண்டையும் கேளுங்கள்.

எஃப்ஐஆர் மட்டும் இருந்தால் அது தவறுக்கு நிரூபணம் ஆகாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடவும் முடியாது. 35ஆம் பிரிவின்படி புகார் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பார் கவுன்சில் தானாகவும் எடுக்கலாம். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் கொடுங்குற்றங்களில் கைதானவர்களுக்கு, விசாரணை முடியும்வரை எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யக் கூடாது என்று இடைக்காலத் தடை போடுகிறது. 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் கொல்லப்பட்ட வழக்கில் கைதான வழக்கறிஞர்கள் மீது வந்த தடையை எல்லோரும் பத்திரிகையில் படித்தோம். வழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று நமக்குத் தெரியும். இடைக்காலம் என்பது சில நேரம் முழு வாழ்க்கையாகிவிடும்.

நம் ஊரில் மாட்டுகிற இடங்கள்

முதலிடம் கட்டப்பஞ்சாயத்துக்கு. வழக்கு இல்லை, வக்காலத்து இல்லை, சொத்து மட்டும் இருக்கிறது. நான்கு கார், இருபது வெள்ளைச் சட்டை, அவற்றின் நடுவில் ஒரு கறுப்புக் கோட்டு. "சமரசம் பேசத்தான் போனேன்" என்பார்கள். சமரசம் பேசுவது நம் தொழில்தான். ஆனால் பூட்டை உடைத்து உள்ளே போனவர்களோடு நின்று பேசுவது சமரசம் ஆகாது. வாடகைதாரரைக் காலி செய்யும் இடத்துக்குக் கட்சிக்காரர் கூப்பிட்டால் போகாதீர்கள். அமீனா வரும்போது கோர்ட் உத்தரவோடு போனால் போதும்.

அடுத்தது லெட்டர்ஹெட். இதில் விழுபவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு ஜூனியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அண்ணன் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் வரப்புத் தகராறு. வீட்டில் எல்லோரும் "நீ வக்கீலுக்குப் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்கிறார்கள். இவர் தன் லெட்டர்ஹெட்டை எடுத்து, பக்கத்து வயல்காரருக்கு நோட்டீஸ் எழுதுகிறார். கட்சிக்காரர் பெயர் இல்லை. "ஏழு நாளில் வரப்பைச் சரிசெய்யாவிட்டால் உங்கள் மீதும் உங்கள் மகன்கள் மீதும் குற்ற வழக்குப் பதிவு செய்ய ஏற்பாடு செய்யப்படும்" என்று ஒரு வரி. பக்கத்து வயல்காரர் பயந்து, பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஒத்துப்போகிறார். ஆறு மாதம் கழித்து யாரோ சொல்லிக் கொடுக்க, பார் கவுன்சிலுக்குப் புகார் போகிறது.

இங்கே என்ன தவறு நடந்தது? அண்ணனுக்காக நோட்டீஸ் எழுதியது தவறு இல்லை. அண்ணன் பெயரைப் போட்டு, அவர் சொன்னதாக எழுதியிருந்தால் அது சாதாரண வக்கீல் நோட்டீஸ். தன் குடும்பச் சண்டைக்குத் தன் பதவியை மிரட்டலாக வைத்ததும், கையில் இல்லாத போலீஸ் அதிகாரம் இருப்பதுபோல் காட்டிப் பணம் வாங்கியதும்தான் தவறு. "ஏற்பாடு செய்யப்படும்" என்ற ஒரு சொல்லில் மொத்தப் புகாரும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சொந்த விவகாரம் என்றால் வெள்ளைத்தாளில் உங்கள் பெயரில் எழுதுங்கள். நோட்டீஸ் கட்டாயம் என்றால் வேறொரு வழக்கறிஞரிடம் போங்கள். அவர் ஃபீஸ் கேட்டால் கொடுங்கள்.

வண்டி ஸ்டிக்கரும் இதே வகைதான். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, வாகனங்களில் தொழில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது நம்மில் சிலர் கொதித்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டியதற்காக யாரும் உரிமத்தை இழக்கப்போவதில்லை. ஆனால் ராத்திரி வாகனச் சோதனையில், ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் மது காட்டும் மெஷின் முன்னால் நின்றுகொண்டு, "நான் யார் தெரியுமா?" என்று அந்த ஸ்டிக்கரைக் காட்டுகிற வீடியோ இருக்கிறதே, அது வேறு விஷயம். குடித்துவிட்டு ஓட்டியதற்குச் சட்டம் அபராதமோ சிறையோ வைத்திருக்கிறது, அதோடு முடிந்திருக்கும். பதவியைக் காட்டியதால் பார் கவுன்சில் உள்ளே வந்தது. விதிகளிலேயே, நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் கவுனும் கழுத்துப் பட்டையும் அணியக் கூடாது என்று இருக்கிறது. விதியின் நோக்கம் துணியில் இல்லை என்பது புரிந்திருக்கும்.

பணத்தை வட்டிக்கு விடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர் தாமே நேரடியாகத் தொழில், வியாபாரம் நடத்தக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. அப்பா விட்டுப்போன கடையில் பங்கு வைத்திருக்கலாம். கல்லாவில் உட்காரக் கூடாது. முழுநேரச் சம்பள வேலை பார்த்துக்கொண்டே தொழில் செய்வதும் கூடாது. 1996இல் மும்பையில் ஒரு டாக்டர், இரண்டு தொழிலையும் சேர்த்துச் செய்ய அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். மருத்துவம் கௌரவமான தொழில்தானே என்றால், ஆமாம். ஆனால் சட்டத் தொழில் முழு நேரமும் முழுக் கவனமும் கேட்கிறது என்பதுதான் தீர்ப்பு.

சமூக ஊடகம் இன்னும் தெளிவாகாத இடம். 2021 ஜூனில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா, நீதிமன்றத்தையும் பார் கவுன்சிலையும் பற்றி அவதூறாக எழுதுவதைத் தவறாக்கி விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. நிறுத்தியது நல்லது என்பேன். பார் கவுன்சிலை விமர்சித்தால் பார் கவுன்சிலே தண்டிக்கும் என்பது எந்த ஊர் நியாயம்? தீர்ப்பை எவ்வளவு காட்டமாக வேண்டுமானாலும் விமர்சியுங்கள். நீதிபதியின் சாதியையும் குடும்பத்தையும் இழுக்காதீர்கள். கட்சிக்காரர் வழக்கின் ஆவணத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள். அது வெளித் தவறு என்ற பெயரில் வரும் உள் தவறு.

எங்கே நிற்கிறது

இத்தனையும் படித்துவிட்டு, மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதற்கும் பார் கவுன்சில் கேட்குமோ என்று பயப்பட வேண்டாம். விவாகரத்து வழக்கு, சொத்துப் பாகப்பிரிவினை, காதல், கட்சி மாறுதல், கடன் வாங்கித் தவணை தவறுதல் இவையெல்லாம் தனி மனிதர் விவகாரங்கள். குடும்ப வழக்கில் எதிர்த்தரப்பு உங்களை வழிக்குக் கொண்டுவரப் பார் கவுன்சிலுக்கு மனு போடுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. பார் கவுன்சில் அவற்றைச் சலித்தெடுக்க வேண்டும். ஆனால் முதல் திருமணத்தை மறைத்து இரண்டாம் திருமணம் செய்தது, குடும்ப நீதிமன்றத்தில் வருமானத்தைப் பற்றிப் பொய்ப் பிரமாணப் பத்திரம் போட்டது என்றால், அது குடும்ப விவகாரம் என்ற கூரைக்குள் ஒதுங்காது. சத்தியம் செய்து பொய் சொல்வது நம் தொழிலின் அடித்தளத்தையே தொடுகிறது.

தன் சொந்த வாடகை வழக்கில் தானே ஆஜரான ஒரு வழக்கறிஞர், எதிர்த்தரப்புக்கு உதவியவரை மிரட்டினார் என்று வந்த புகார் 2004இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அவர் கட்சிக்காரராகத்தான் நின்றார், வழக்கறிஞராக அல்ல என்ற அடிப்படையில் அவர் தப்பினார். இந்தத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதன் தைரியத்தில் யாரையும் மிரட்டாதீர்கள். 2025இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மீது அவரோடு எந்த உறவும் இல்லாதவர் தொழில் தவறு என்று புகார் கொடுப்பதைச் சாதாரணமாக ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது தொழில் தவறுக்கு. பிற தவறு என்று வரும்போது கட்சிக்காரர் உறவு கேட்டுத் தப்ப முடியாது. கட்டப்பஞ்சாயத்தில் அடிபட்டவர் எப்படி உங்கள் கட்சிக்காரராக இருப்பார்?

இங்கிலாந்தில் 2020இல் இதே கோட்டைப் பற்றி நல்ல தீர்ப்பு ஒன்று வந்தது. பெரிய நிறுவனத்தின் பங்குதாரராக இருந்த ஒரு சொலிசிட்டர், இளம் சக ஊழியருடன் தனி வாழ்வில் நடந்துகொண்ட விதத்துக்காக 35,000 பவுண்டு அபராதமும், வழக்குச் செலவாக 2,00,000 பவுண்டும் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. வழக்கறிஞரிடம் நேர்மையை எதிர்பார்க்கலாம், எல்லா விஷயத்திலும் அப்பழுக்கற்ற உத்தமராக இருக்கச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். நம் குழுக்களில் வாதாடும்போது இது கட்டுப்படுத்தாது; ஆனால் எடுத்துச் சொல்லலாம்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

புகார் என்பது சாதாரணக் கடிதம் அல்ல. கையெழுத்திட்டு, உரிமையியல் சட்டப்படி சரிபார்ப்பு வாசகத்தோடு மனுவாகத் தர வேண்டும். உங்கள் கைக்கு வந்தவுடன் முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, புகார்தாரருக்குப் போன் செய்யாதீர்கள். "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். பேசி முடித்தாலும் வழக்கு முடியாது. புகாரை வாபஸ் வாங்கினார், சமரசம் ஆனார் என்பதற்காக மட்டும் நடவடிக்கையைக் கைவிடக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. நீங்கள் பேசிய போன் ரெக்கார்டிங் மட்டும் புதிய சாட்சியமாக மிஞ்சும்.

விசாரிக்கும் குழுவில் மூன்று பேர்: பார் கவுன்சில் உறுப்பினர்கள் இருவர், வெளியிலிருந்து சேர்த்த அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர். மாநில அட்வகேட் ஜெனரலுக்கும் நோட்டீஸ் போகும். சம்மன் அனுப்பவும் ஆவணம் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. ஆஜராகாவிட்டால் ஒருதலையாக நடத்தி முடிப்பார்கள். ஆண்டு முழுவதும் மற்றவர்கள் எக்ஸ்பார்ட்டி ஆகக் கூடாதென்று ஓடுபவர்கள், தங்கள் வழக்கில் எக்ஸ்பார்ட்டி ஆவது இந்தத் தொழிலின் விசித்திரம்.

பதிலுரையை நீங்களே எழுதாதீர்கள். சீனியர் ஒருவர் எழுதட்டும். நாம் எழுதினால் பழக்கத்தில் என்ன வரும் தெரியுமா? "மனுவில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய், புனையப்பட்டவை, மனுதாரர் கடுமையாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர்." முன்சீப் கோர்ட்டில் ஓடும் இந்த வரி இங்கே ஓடாது. மேலூர் உதாரணத்தில், நோட்டீஸ் எழுதியதை மறுத்த பிறகு புகார்தாரர் லெட்டர்ஹெட்டைக் காட்டினால் என்ன செய்வார் அந்த ஜூனியர்? மறுப்பே இரண்டாவது தவறாகிவிடும். "நோட்டீஸ் நான் எழுதியது. என் அண்ணனின் தகராறு தொடர்பானது. குற்ற வழக்கு பற்றிய வரியை எழுதியிருக்கக் கூடாது என்பதை உணர்கிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீது இணைப்பு 2" என்று எழுதுபவருக்குக் கண்டிப்போடு முடிய வாய்ப்பிருக்கிறது. நடக்காததை மட்டும் மறுங்கள். குற்றச்சாட்டு குற்ற வழக்கைப் போலத் தெளிவாக நிரூபிக்கப்பட வேண்டும், சந்தேகத்தின் பலன் உங்களுக்கே என்ற வாதத்தைக் கடைசி வரை விடாதீர்கள்.

குழு நான்கில் ஒன்றைச் செய்யலாம்: புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தடை செய்யலாம், பெயரை நீக்கலாம். கண்டிப்பு என்றாலும் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே அது ஏறும். புகார் வந்த ஓராண்டுக்குள் மாநிலக் குழு முடிக்காவிட்டால், வழக்கு பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்குப் போகும். அப்போது டில்லிக்கு ரயில் ஏற வேண்டும் என்பதால், வாய்தா வாங்கி இழுப்பதும் உத்தி ஆகாது.

மாநிலக் குழுவின் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவுக்கும், அதன் உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு தாக்கல் செய்ததாலேயே தடை நின்றுவிடாது. நிறுத்தி வைக்கத் தனியாக மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவு கைக்கு வரும்வரை, ஒரு வாய்தா கேட்பதற்குக்கூட கோர்ட்டில் எழுந்து நிற்காதீர்கள், ஜூனியர் பெயரில் வக்காலத்து போட்டுப் பின்னால் உட்காராதீர்கள். உரிமை இல்லாமல் தொழில் செய்தால் 45ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.